ஸ்கார்த் பண்ணையின் மருமகன்

செத்தவர்களின் உயில்களை வாசித்துச் சொல்வது என் தொழில். இதில் ஒரு சௌகரியம் உண்டு. எழுதினவர் எழுந்து வந்து, நான் அப்படியா சொன்னேன் என்று கேட்க மாட்டார். அசௌகரியம் என்னவென்றால், அவருடைய கொள்ளுப் பேரனின் கொள்ளுப் பேரன் என் சமையலறையில் உட்கார்ந்து, என் டீயைக் குடித்துக்கொண்டே அதைக் கேட்பான். எல்லோருக்கும் முன்னோர்களில் ஒரு பிரபுவாவது வேண்டும். பிரபு கிடைக்காவிட்டால் தூக்கில் தொங்கின கொள்ளைக்காரனானாலும் சரி. வாழ்நாள் முழுக்க டர்னிப் கிழங்கு பயிரிட்டு, சளி பிடித்துச் செத்தவன் மட்டும் ஒருத்தருக்கும் வேண்டாம். எங்கள் யார்க்‌ஷயர் பள்ளத்தாக்கில் நானூறு வருஷமாகச் செத்தவர்களில் பாதிப் பேர் அந்த ரகம். மீதிப் பேர் டர்னிப்புக்குப் பதில் ஆடு வைத்திருந்தார்கள்.

ஆம்ப்ரோஸ் கார்பட் என்னிடம் வந்தது ஒரு மார்ச் மாதம், ஒரு டஜன் முட்டையோடு. எழுபத்து நான்கு வயது மனிதரை இவள் அவன் இவன் என்கிறாளே என்று பார்க்காதீர்கள். பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே இருந்துகொண்டு என் சடையை மைக்கூட்டில் தோய்த்தவனுக்கு இவ்வளவு மரியாதை போதும்.

விஷயம் இதுதான். எங்கள் வட்டாரத்து விவசாயக் கண்காட்சிக் குழு அந்த வருஷம் ஒரு புதுப் பெருமையைக் கண்டுபிடித்திருந்தது. ஒரே பண்ணையில் நானூறு வருஷம் விடாமல் இருந்த குடும்பத்துக்கு, வாசல் கேட்டில் மாட்ட ஒரு ஓக் மரப் பலகை. கூடவே, கண்காட்சி அன்று குழுத் தலைவரோடு கூடாரத்தில் உட்கார்ந்து பன்றி இறைச்சி அடைத்துச் சுட்ட 'பை' தின்னும் பாக்கியம். பையைச் சாப்பிட்டவள் என்ற முறையில் சொல்கிறேன், பலகையோடு நிறுத்தியிருக்கலாம்.

"எல்லாம் கைல இருக்கு, டோரீன். ஆதாரந்தான் வேணும். நீ யார்க்குக்குப் போயி அந்த உயிலெல்லாம் எடுத்து, வாசிச்சுக் குடு."

"கைல இருக்கறத நான் எதுக்கு எடுக்கணும்?"

"குழுவுல ப்ரெஸ்டன் இருக்கான்ல. போன வருஷம் என் கிடாவுக்கு ரெண்டாம் பரிசு குடுத்த பய. என் வார்த்தைய அவன் நம்பிருவானா?"

கையில் இருந்தது அவன் தாத்தாவின் வம்சப் படம். ஸ்கார்த் பண்ணைச் சாப்பாட்டு மேசைக்கு மேலே, கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும். அந்தக் காலத்துப் பாதிரியார் ஒருவர் பழைய உயில்களைப் பார்த்து எழுதிக் கொடுத்தது. கிறிஸ்டஃபருக்குப் பிறந்தவன் தாமஸ், தாமஸுக்குப் பிறந்தவன் வில்லியம் என்று, ஆம்ப்ரோஸ் வரைக்கும் அப்பன் பிள்ளை அப்பன் பிள்ளையாக இறங்கி வரும். நடுவில் ஒரு தொடுப்பு இல்லை, ஒரு சந்தேகம் இல்லை, ஒரு பெண்பிள்ளை பெயர்கூட இல்லை. இந்தக் குடும்பத்தில் ஆண்களே ஆண்களைப் பெற்றுக்கொண்டார்கள் போலிருக்கிறது.

"பலகை வந்த கையோட வக்கீல்கிட்ட போறேன்" என்றான் ஆம்ப்ரோஸ். "பண்ணை பிலிப்பாவுக்கு. ரத்தம் விட்டுப் போகக் கூடாது பாரு."

"டேரன்?"

"நல்ல பையன். யாரு இல்லன்னா? ஆனா அவன் கார்பட் இல்லயே."

டேரன் அவன் மனைவி மேவிஸின் பிள்ளை. மேவிஸ் முதல் புருஷனை இழந்து, ஒரு பெட்டியோடும் நாலு வயதுப் பையனோடும் ஸ்கார்த்துக்கு வந்தவள். வந்த பிறகு பிலிப்பா பிறந்தாள். பிலிப்பா பதினெட்டு வயதில் ஊரைவிட்டுப் போய், ஹாரகேட்டில் வீடு விற்கும் ஜைல்ஸ் என்பவனைக் கட்டிக்கொண்டாள். டேரன் போகவில்லை. பதினாறு வயதிலிருந்து தினம் இரண்டு வேளை பால் கறக்கிறான். மேவிஸ் படுக்கையில் கிடந்த கடைசி வருஷம் அவளையும் பார்த்துக்கொண்டு மாட்டையும் பார்த்துக்கொண்டான். இப்போது நாற்பத்தொரு வயது, மழையில் நனைந்தே தேய்ந்த முதுகு. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பார்கள். டேரனுக்கு யாரும் கணக்குப் பார்க்கவே விட்டதில்லை. பண்ணை பிலிப்பாவுக்குப் போனால் அது ஜைல்ஸுக்குப் போனது மாதிரி. ஜைல்ஸ் ஏற்கெனவே வைக்கோல் கொட்டகையை டேப் வைத்து அளந்துவிட்டிருந்தான், விடுமுறைக்காரர்களுக்கு மூன்று குடில் வருமா நான்கு வருமா என்று.

எனக்குக் கோபம் வந்தது. அடுத்த வீட்டுச் சண்டையில் எனக்கென்ன என்று நினைத்துக்கொண்டு, முட்டையை வாங்கி வைத்தேன்.

யார்க்கில் ஆவணக் காப்பக வாசிப்பறையில் கார்பட்களோடு இரண்டு வாரம் குடித்தனம் செய்தேன். பாசத்துக்குப் பேர்போன குடும்பம். 1618-இல் செத்த கிறிஸ்டஃபர், கடவுளுக்கு ஆத்துமாவையும் மண்ணுக்கு உடலையும் ஒரே வரியில் தாராளமாகக் கொடுத்துவிட்டு, பித்தளைச் சட்டி யாருக்கு என்பதற்குப் பதினோரு வரி எடுத்துக்கொள்கிறான். மனைவிக்கு மாடியறையும் கட்டிலும், அவள் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளாதவரை. செய்துகொண்டால் கட்டில் திரும்பி வந்துவிட வேண்டும். தம்பிக்கு ஒரு தேன்கூடு, அதுவும் 'அவன் இனிமேலாவது வாயை அடக்கினால்'. சாகும்போதுகூட ஆளை விடவில்லை.

அதற்கு அடுத்தது, 1671-இல் தாமஸ் கார்பட் எழுதியது. வீட்டிலிருந்த பாதிரியாரின் நகலை ஆம்ப்ரோஸ் எனக்குக் கொடுத்திருந்தான். நகலை இடதுபக்கம் வைத்துக்கொண்டு, மூலத்தை வரி வரியாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். நகலில் 'என் மகன் வில்லியமுக்கு' என்றிருந்த இடத்தில், மூலத்தில் 'என் மருமகன் வில்லியமுக்கு' என்றிருந்தது.

முகத்தில் இருக்கிற மருவை எடுப்பதுபோல் பாதிரியார் மருவை எடுத்துவிட்டு மகனை மட்டும் வைத்திருக்கிறார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. வில்லியமுடைய பெயரும் கார்பட். தாமஸுக்கு மகளும் கிடையாது. மகளே இல்லாதவனுக்கு மருமகன் எப்படி? பழைய எழுத்தர் கைதவறி எழுதிவிட்டான் என்று அவர் முடிவு கட்டியிருப்பார். படித்தவர்கள் செய்யும் தப்பு எப்போதும் இப்படித்தான், திருத்தம் என்ற பெயரில் வரும்.

அந்த நாளில் எங்கள் பக்கத்தில் மருமகன் என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. மகளைக் கட்டியவனும் மருமகன். மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வீட்டுக்குள் வந்த பிள்ளையும் மருமகன். கோயில் பதிவேட்டைப் புரட்டினேன். தாமஸ் கார்பட், ஆக்னஸ் ஸ்லிங்கர் என்னும் விதவையைக் கட்டுகிறான். மூன்று வருஷம் முந்தி, ராபர்ட் ஸ்லிங்கரின் மகன் வில்லியமுக்கு ஞானஸ்நானம். நாற்பத்தெட்டு வருஷம் கழித்துப் புதைத்த பக்கத்தில் 'வில்லியம் ஸ்லிங்கர் என்கிற கார்பட்'.

அதாவது, வில்லியமுக்குப் பிறகு வந்த கார்பட் ஒருத்தன் உடம்பிலும் ஒரு சொட்டுக் கார்பட் ரத்தம் கிடையாது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்களே, அது என் மேசைமேல் உட்கார்ந்திருந்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். வாசிப்பறைப் பெண் உதட்டில் விரலை வைத்தாள்.

ஸ்கார்த்துக்குப் போனபோது ஜைல்ஸும் அங்கே இருந்தான். மேசையில் பழக் கேக்கும் சீஸும். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். ஆம்ப்ரோஸ் சீஸை வெட்டின கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"ஸ்லிங்கரா? யாரு அவன்?"

"கீழ்ப் பண்ணையில கூலிக்கு இருந்தவன். உயில்கூட எழுதல. எழுத ஒண்ணும் இருந்திருக்காது."

"நீ தப்பா வாசிச்சிருக்க."

"ஆமா, நாப்பது வருஷமா தப்பாத்தான் வாசிக்கறேன். உன் முட்டைக்கு அவ்வளவுதான் வரும்."

ஜைல்ஸ் தொண்டையைச் செருமினான். அவன் பேசுகிற தினுசே, எதிரில் இருப்பவர் வீடு வாங்க வந்தவர் என்கிற மாதிரி இருக்கும். "ஒரு சின்ன யோசனை, ஆம்ப்ரோஸ். பாதிரியார் நகல் இருக்குல்ல, அதையே குழுவுக்குக் குடுத்துடுவோம். மூலத்த யாரு போயி பாக்கப் போறாங்க? ஒரு வார்த்தைதான."

"என்னப் பொய் சொல்லச் சொல்றியா?"

"பொய்னு இல்ல, எடுத்துக் காட்டற விதம்னு..."

"ஒழுகற கூரைய, காத்தோட்டமான வீடுன்னு விக்கிறல்ல, அந்த விதந்தான?"

சொல்லியே ஆக வேண்டும், அந்த ஒரு நிமிஷம் எனக்கு ஆம்ப்ரோஸைப் பிடித்திருந்தது. கஞ்சன், முரடன், பெருமைக்காரன். ஆனால் பொய்க் காகிதம் நீட்டுகிறவன் இல்லை.

அதே சமயம் டேரன் உள்ளே வந்தான். கதவோரம் பூட்ஸைக் கழற்றிவிட்டு, காலுறையோடு அடுப்பில் கெட்டிலை வைத்தான். "வெள்ளக்காலி நொண்டறா. நாளைக்கு மாட்டு டாக்டர வரச் சொல்லணும்" என்றான். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்தான். "யாரு செத்தா?"

"தாமஸ் கார்பட்" என்றேன். "முன்னூத்தம்பது வருஷம் ஆச்சு. இப்பத்தான் தகவல் வந்துச்சு." சொல்லாதே என்று ஆம்ப்ரோஸ் கண்ணால் காட்டினான். நான் சொன்னேன். சொன்னதோடு நிற்காமல் உயிலின் அந்தப் பகுதியை எடுத்து வாசித்தேன்:

'சிறு பிராயம் முதல் நானே வளர்த்தமையாலும், என் பாடுகள் யாவற்றிலும் அவன் என் கைப்பக்கம் நின்றமையாலும், என் மருமகன் வில்லியமுக்கு ஸ்கார்த் முழுவதும்.'

டேரன் டீயில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே இருந்தான். மெதுவாகப் பேசுகிறவன். "அப்போ நீங்களும் என்ன மாதிரிதானா, ஆம்ப்ரோஸ்?" என்றான். கிண்டலாகத்தான் சொன்னான் என்று நினைக்கிறேன். டேரன் கோப்பையை எடுத்துக்கொண்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டான். ஆம்ப்ரோஸ் மிச்சக் கேக்கைப் பொட்டலம் கட்டி என் கையில் கொடுத்தான். எங்கள் ஊரில் 'போய்த் தொலை' என்பதை இப்படித்தான் சொல்வோம்.

ஏப்ரல் முழுக்க ஆளைக் காணோம். முட்டையும் வரவில்லை. மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வாசிப்பறையில் நிமிர்ந்து பார்க்கிறேன், கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் மட்டும் கட்டுகிற டையோடு ஆம்ப்ரோஸ் நிற்கிறான்.

"அதக் காட்டு."

தாமஸின் உயிலை எடுத்து வரச் செய்தேன். அந்தக் கையெழுத்து அவனுக்குப் புரியவில்லை; கோழி நடந்த மாதிரி இருக்கிறது என்றான். அந்தச் சொல்லின் கீழே, தாளைத் தொடாமல், என் விரலை வைத்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தான். அழிந்திருக்கிறதா, மேலே எழுதினதா என்றெல்லாம் கேட்டான். இல்லை என்றேன்.

"அந்தப் பையன் ஒழுங்கா இருந்தானா? வில்லியம்?"

"எப்படித் தெரியும்? அவன் உயில்ல, தாமஸ் பக்கத்துலயே தன்னப் பொதைக்கச் சொல்றான். மூத்தவனுக்குத் தாமஸ்னு பேர் வெச்சான். ராபர்ட்னு ஒருத்தனுக்கும் வெக்கல."

ஆம்ப்ரோஸ் மூக்கைச் சிந்தினான். தாள் தூசி என்றான். இருக்கலாம். ஆனால் அவன் குடும்பத்தில் அதற்குப் பிறகு ஒன்பது தாமஸ்கள், அதில் ஒருவர் அவன் அப்பா. தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். தசையே இல்லாமல் ஆடியிருக்கிறது ஸ்கார்த்தில்.

ஜூனில் தொலைபேசி வந்தது. நாலு மணிக்கு வா, கண்ணாடியை எடுத்து வா, சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றான். போனால், சமையலறையில் பால் டேங்கர் லாரிக்காரர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாவது சாட்சி. பால் ஏற்ற வந்தவரைப் பிடித்து உட்கார்த்தி வைத்திருக்கிறான். கண்காட்சிக் குழுவின் விண்ணப்பம் அடுப்புப் பற்றவைக்கும் காகிதங்களுக்கு நடுவே கிடந்தது.

"வக்கீல் வேண்டாமா, ஆம்ப்ரோஸ்?"

"தாமஸுக்கு எந்த வக்கீல் எழுதினான்?"

கோடு போட்ட தாளில், கொட்டை எழுத்தில், தானே எழுதியிருந்தான். 'ஆண்டவர் திருநாமத்தில், ஆமென். ஸ்கார்த்தைச் சேர்ந்த ஆம்ப்ரோஸ் ஆகிய நான், உடல் சுகமாயும் நினைவு தெளிந்தும்...' என்று ஆரம்பம். முழங்கால் இரண்டும் போன மனிதன். பிலிப்பாவுக்கு அவள் அம்மாவின் கடிகாரமும் பீங்கான்களும் வங்கியில் இருப்பதும். வைக்கோல் கொட்டகை வைக்கோலுக்கே. கடைசியில், நிறுத்தி நிதானமாக: 'ஸ்கார்த் பண்ணையும் மாடுகள் யாவும் என் மருமகனுக்கே.'

"எப்படி?" என்றான். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கினவன் முகம். அவன் அங்கே பரிசு வாங்கினதே இல்லை.

நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினேன். "அட மடையா. நீ செத்தன்னிக்கு இத யாரு வாசிப்பாங்கன்னு நெனச்ச? நானா?"

"ஏன், என்ன தப்பு? அதே வார்த்தைதான. நீதான காட்டின."

"தாமஸுக்கு மக இல்ல. உனக்கு இருக்கா. அவளுக்கு ஒரு புருஷன் இருக்கான். இன்னிக்குத் தேதியில மருமகன்னா யாரு?"

அவன் முகத்தில் அது இறங்குவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. லாரிக்காரருக்கு முன்னாலேயே புரிந்துவிட்டது. "ஐயோ, அந்த டேப்புக்காரரா" என்றார்.

ஆம்ப்ரோஸ் உட்கார்ந்தான். "எல்லாருக்குந்தான் தெரியுமே, யாரச் சொல்றேன்னு."

"ஜைல்ஸுக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் தெரியாது. பேரப் போடு, ஆம்ப்ரோஸ். முழுப் பேரு."

வேறு தாள் எடுத்தான். ஆமெனிலிருந்து திரும்ப எழுதினான். லாரிக்காரர் பால் சூடாகிவிடும் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். 'ஸ்கார்த் பண்ணையும் மாடுகள் யாவும் டேரன்' வரைக்கும் பேனா வேகமாக வந்தது. அங்கே நின்றது. மேசையைப் பார்த்தான். சுவரில் மாட்டியிருந்த வம்சப் படத்தைப் பார்த்தான். அதில் பத்துத் தலைமுறை எழுத்துப் பிசகாமல் இருந்தது.

"ஒல்லரன்ஷா" என்றேன், உதவியாக.

"பேரு தெரியும்" என்றான். காது சிவந்திருந்தது. "எழுதத்தான் தெரியல."

எனக்கும் நிச்சயமாகத் தெரியாது. அந்தப் பெயரை எங்கள் பக்கத்தில் ஏழு விதமாக எழுதுவார்கள். தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு முற்றத்தைக் கடந்து பால் கறக்கும் கூடத்துக்குப் போனான். நாங்கள் இருவரும் பின்னாலேயே போனோம். அவன் தப்பாகக் கேட்டுத் தொலைப்பான் என்று எனக்குப் பயம். டேரன் கறவைப் பள்ளத்தில் நின்று, மேலே நின்ற மாட்டின் மடியில் குழாய் மாட்டிக்கொண்டிருந்தான். இரைச்சல் காதைப் பிளந்தது.

"டேரன், உன் பேர எப்படி எழுதணும்?"

"எந்தப் பேர?"

"பின்னாடி வர்றது."

"மாட்டு ஃபாரமா? கார்பட்னே போடுங்க. நான் எப்பவும் அப்படித்தான் போடறேன். நம்மள யாரு தேடிட்டு வரப் போறா."

"மாட்டு ஃபாரம் இல்ல. உங்க அப்பா பேரு. எழுத்து எழுத்தாச் சொல்லு."

டேரன் எங்களைப் பார்த்தான். லாரிக்காரரின் தொப்பி கையில் இருப்பதைப் பார்த்தான். எட்டி இயந்திரத்தை நிறுத்தினான். கறவை நடுவில் அவன் அதை நிறுத்தி நான் பார்த்ததில்லை. ஆம்ப்ரோஸ் தாளைக் கதவின்மேல் வைத்து அழுத்திக்கொண்டான்.

"ஓ" என்றான் டேரன். "எல். இன்னொரு எல்."

அங்கே நிறுத்திவிட்டான். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டான்.

"முப்பத்தேழு வருஷத்துல நீங்க இதக் கேட்டதே இல்ல, ஆம்ப்ரோஸ்."

"தெரியும்" என்றான் ஆம்ப்ரோஸ், தாளைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "மெதுவாச் சொல்லு. ரெண்டு எல்லுக்கு அப்பறம் என்ன?"